நத்தாருக்கு முழு வான்கோழி: எண்ணெய்யில பொரிக்கிறதோ, போறணையில வாட்டுறதோ?

முழங்காவிலான் (மார்கழி, அதாவது டிசெம்பர் 8)

வணக்கம் எல்லாருக்கும். ஒரு சமையல் விசயம், கொஞ்சம் நீளமா எழுதிறன், தெரிஞ்ச ஆக்கள் வடிவா வாசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ.

இந்தமுறை நத்தாருக்கு அக்காவும் அத்தானும் பிள்ளையளும் கனடாவில இருந்து வருகினம். 11 வருசத்துக்குப் பிறகு வருகினம், அம்மாக்கு இப்பவே கால் நிலத்தில முட்டேல்லை, மா இடிச்சு வறுத்து வச்சிட்டா, ஒரு நாளைக்கு ரெண்டுதரம் முற்றம் கூட்டுறா. வீட்டில ரெண்டு வான்கோழி நிக்குது. ஒண்டு சேவல், போன வருசம் வைகாசிக் குஞ்சு, தூக்கிப் பாத்தால் 10 கிலோவுக்கு மேல வரும். மற்றது பேடு, இந்த வருசம் சித்திரைக் குஞ்சு, அது ஒரு 5, 5½ கிலோ. ரெண்டையும் நத்தாருக்கெண்டே வளத்தது.

பிரச்சினை என்னெண்டால் அத்தான் போனில சொல்லுறார், தாங்கள் அங்க தாங்ஸ்கிவிங் எண்ட நன்றி சொல்லுற பண்டிகைக்கு வான்கோழியை வெட்டாமல் முழுசாவே கொதிக்கிற எண்ணெய்க்குள்ள இறக்கிப் பொரிக்கிறவையாம், முக்கால் மணித்தியாலத்துக்குள்ள வேலை முடிஞ்சிடுமாம், அவனில (ஓவனில) வாட்டினதைப் போல நெஞ்சிறைச்சி பஞ்சா காயாதாம், அதால இந்தமுறை சேவலை அப்பிடித்தான் செய்யோணுமாம். அம்மா எண்டால் உந்தக் கதைக்கே வரேல்லை, "முழுப் பறவையை எண்ணெய்க்க போட்டால் வெளி கருகும் உள்ளுக்கு ரத்தம் நிக்கும், வாட்டுறதெண்டால் வாட்டுங்கோ, இல்லாட்டி நான் கறி வைக்கிறன்" எண்டு நிக்கிறா. ரெண்டு பேருக்கும் நடுவில நான்.

எங்கட வீட்டு நிலைமை இதுதான். உள்ளுக்கு ரெண்டு அடுப்புக் காஸ் குக்கர், வெளியில கிடுகு வேய்ஞ்ச கொட்டிலுக்க விறகடுப்பு. கரண்ட் அவன் ஒண்டு இருக்கு, 35 லீற்றர்தான், கேக் போடத்தான் சரி, சேவலின்ர காலே அதுக்க அடங்காது. மழையும் விடுற மாதிரித் தெரியேல்லை, இண்டைக்கு நாலாவது நாள் கொட்டுது. சாப்பிடப் போறது 22 பேர், நடுச்சாமப் பூசைக்குப் போயிட்டு வந்து அடுத்தநாள் மத்தியானம் சாப்பாடு. பொரிக்கிறதோ வாட்டுறதோ? ஆராவது இஞ்ச வன்னியில முழு வான்கோழி பொரிச்ச ஆக்கள் இருக்கிறீங்களோ?


ஸ்காபரோவில் ஒரு தருமபுரத்தான் (மார்கழி 8)

தம்பி, நான் தருமபுரத்தில பிறந்து வளந்தவன், இஞ்ச கனடாவுக்கு வந்து 14 வருசம். இஞ்ச ஒக்ரோபர் ரெண்டாவது திங்கள் தாங்ஸ்கிவிங், ஒவ்வொரு வருசமும் நான்தான் பொரிக்கிறனான், அதால அத்தான் சொல்லுறதில பொய்யில்லை எண்டு முதல்ல சொல்லிடுறன். தோல் அப்பளம் மாதிரி உடையும், நெஞ்சிறைச்சியைப் பிச்சால் சாறு கையில வடியும். 163 டிகிரி அவனில 5 கிலோ வான்கோழி வாட்ட மூண்டு மணித்தியாலம் கிட்டப் போகும், எண்ணெய்யில 175 டிகிரியில கிலோவுக்கு 7, 8 நிமிசம்தான். நெருப்பில நிக்கிற நேரம் குறையக் குறைய இறைச்சி காயிறது குறையும், அதுதான் காரணம்.

ஆனா உங்கட அத்தான் போனில சொல்லாமல் விட்ட விசயங்கள் இருக்கு, அதை நான் சொல்லோணும்.

நான் பொரிக்கத் துவங்கி ரெண்டாவது வருசம், கடையில வாங்கின ஐஸ் வான்கோழி, வெளியால தொட்டுப் பாக்க மெத்தெண்டு இருந்துது, இளகிட்டுது எண்டு நினைச்சு இறக்கினன். வயித்துக்குள்ள ஒரு ஐஸ் கட்டி கிடந்திருக்கு. முதல்ல தகரக் கூரையில மழை கொட்டின மாதிரி ஒரு இரைச்சல், பிறகு எண்ணெய் பால் பொங்கிற மாதிரி வெள்ளையா நுரைச்சு எழும்பி நாலு பக்கத்தாலயும் வழிஞ்சு ஓடிச்சுது, நிண்ட புல்லெல்லாம் பொசுங்கிப் போச்சு. கூட நிண்ட சிநேகிதன் "காஸை நிப்பாட்டினால்தான் இறக்க விடுவன்" எண்டு பிடிவாதமா நிண்டபடியால்தான் நான் இண்டைக்கு முகத்தோட இருக்கிறன். ஒரு லீற்றர் தண்ணி ஆவியானால் 1700 லீற்றர் அளவுக்கு விரியும், அது எண்ணெய்க்கு அடியில நடந்தால் எண்ணெய் எங்க போறது? பானையை விட்டு வெளியாலதான். வெளியால வந்த எண்ணெய்க்குக் கீழ அடுப்பு எரிஞ்சுகொண்டிருந்தால் மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே இறக்கிற நேரம் அடுப்பு நிண்டிருக்கோணும். இறக்கி முடிஞ்சு கொதி அடங்கின பிறகு திரும்பப் பத்த வைக்கிறது. பறவையை உள்ளயும் வெளியயும் துணியால ஈரம் ஒத்தி எடுக்கோணும், கழுத்துப் பக்கத்து ஓட்டை அடைபடாமல் திறந்திருக்கோணும், இல்லாட்டி உள்ளுக்க தண்ணி தங்கும். இறக்கேக்க அவசரப்படாமல் ஒரு நிமிசத்துக்கு மேல எடுத்து மெல்ல மெல்ல இறக்கோணும், ரெண்டு பேர், நீளக் கையுறை, செருப்பில்லாமல் சப்பாத்து, சாரம் வேண்டாம், சின்னப் பிள்ளையள் கிட்ட நிக்கவே கூடாது.

எண்ணெய் எவ்வளவு எண்டு கண்ணால பாத்து ஊத்தாதேங்கோ. முதல் நாளே வெறும் பானைக்குள்ள வான்கோழியை வச்சு அது மூடுற அளவுக்குத் தண்ணி விடுங்கோ, பிறகு பறவையை வெளியால எடுத்தால் தண்ணி இறங்கும், இறங்கின இடத்தில பானையில ஒரு கோடு கீறுங்கோ, அதுதான் எண்ணெய் மட்டம். விளிம்புக்குக் கீழ ஒரு நாலு அஞ்சு அங்குலம் வெறுமையா இல்லையெண்டால் அந்தப் பானை காணாது. உங்கட பேட்டுக்கு 11, 12 லீற்றர் எண்ணெய் போகும், அதுவும் ஒடுக்கமா உயரமான பானையெண்டால்தான். கலியாண வீட்டுக் கிடாரம் அகலமானது, அதை நிரப்புறதுக்கு எண்ணெய்க் கடையே வேணும்.

சேவலைப் பொரிக்கிற எண்ணத்தை விடுங்கோ. 5½ கிலோவுக்கு மேல முழுசாப் பொரிக்க வேண்டாம் எண்டுதான் இஞ்ச சொல்லுறவை. பேடு சரியான அளவு.


வட்டக்கச்சி அக்கா (மார்கழி 9)

தம்பி முழங்காவில், ஸ்காபரோத் தம்பி சொன்னதில முக்கியமான சொல்லு "அடுப்பை நிப்பாட்டிறது". காஸ் எண்டால் திருகினால் நிக்கும். விறகடுப்பை எப்பிடி நிப்பாட்டிறது? பாலை விறகு எரியத் துவங்கினால் கொள்ளியை இழுத்து வெளியால போட்டாலும் தணல் அரை மணித்தியாலம் உள்ளுக்க நிண்டு கனலும், எண்ணெய் ஒருக்கா வழிஞ்சால் காணும். அதிலயும் நீங்கள் சொல்லுறது கிடுகுக் கொட்டில். தயவுசெய்து அந்தக் கொட்டிலுக்க இந்த வேலையைச் செய்யாதேங்கோ, மழை எண்டாலும் செய்யாதேங்கோ, தரப்பாள் கட்டி அதுக்குக் கீழயும் வேண்டாம்.

நான் கண்டபடியால் சொல்லுறன். 2010 இல நாங்கள் மீளக்குடியேறி வந்து கிடுகுக் கொட்டிலில இருக்கேக்க பக்கத்து வளவில பலகாரம் சுட்டவை, தாச்சி நிறைய எண்ணெய், பிள்ளை அழுகுதெண்டு சுட்டுக்கொண்டிருந்தவ எழும்பிப் போன இடைக்குள்ள எண்ணெய் புகைஞ்சு பத்திட்டுது. ஓடி வந்த ஒரு பெடியன் பதட்டத்தில ஒரு வாளி தண்ணியை அள்ளி ஊத்தினான். ஊத்தின உடன நெருப்பு கூரை முட்ட எழும்பினதை என்ர கண்ணால பாத்தனான், ரெண்டு நிமிசத்தில கொட்டில் சரி, நெல்லு மூட்டை சரி, பள்ளிக்கூடப் புத்தகம் சரி. ஆக்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை, அது ஆண்டவர் காத்தது. எண்ணெய் பத்தினால் மூடி போட்டு மூடுங்கோ, காய்ஞ்ச மணல் போடுங்கோ, தண்ணி மட்டும் வேண்டாம். பொரிக்கிற இடத்தில ரெண்டு வாளி காய்ஞ்ச மணல் முதலே எடுத்து வையுங்கோ, மார்கழியில காய்ஞ்ச மணல் கிடைக்காது, இப்பவே அள்ளி வீட்டுக்க வச்சால்தான்.

அடுத்தது சேவலின்ர கதை. கனடாவில கடைக்கு வாற வான்கோழி 4, 5 மாசத்துக்குள்ள வெட்டினது, கொட்டகைக்க நிண்டு தின்டு கொழுத்தது. உங்கட சேவல் ஒண்டரை வருசம் வளவு வளவாத் திரிஞ்சு, வேலியில ஏறி, நாயோட சண்டை பிடிச்சு வளந்தது. அதின்ர காலை ஒருக்கா பிடிச்சுப் பாருங்கோ, பின்னால முள்ளு நீண்டு கூரா வந்திருக்கும், நெஞ்சில மயிர்க்குஞ்சம் தொங்கும். நெஞ்செலும்பின்ர நுனியை அமத்தினால் இளசெண்டால் முருந்தா வளையும், முத்தினதெண்டால் கல்லு மாதிரி நிக்கும். அப்பிடி முத்தினதை எண்ணெய்யில முக்கால் மணித்தியாலம் பொரிச்சால் வெந்திருக்கும், ஆனா கடிச்சு இழுக்கேலாது. அதுக்கு நெருப்பு மெல்லமா, ஆவி வெளியால போகாமல், நாலைஞ்சு மணித்தியாலம் வேணும். உங்கட அம்மா சொன்னது முழுக்கப் பிழையில்லை தம்பி.

இன்னொண்டு, வெட்டின கையோட சமைக்காதேங்கோ. வெட்டின கொஞ்ச நேரத்தில இறைச்சி விறைக்கும், அந்த விறைப்போட அடுப்பில வச்சால் இளசெண்டாலும் ரப்பர்தான். 23 ஆம் திகதியே வெட்டி, துப்புரவாக்கி, உப்புப் போட்டுப் பிரிஜ்ஜில கீழ்த்தட்டில வையுங்கோ. ஐஸ் பெட்டிக்க வைக்க வேண்டாம், அப்ப இளகிறதோ இல்லையோ எண்ட பிரச்சினையே வராது.

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில எங்களுக்குக் கரண்ட் எது, அவன் எது. என்ர மாமியார் பெரிய சட்டிக்கு அடியில மணலைப் பரப்பி, அதுக்கு மேல தட்டு வச்சு, மூடிக்கு மேல சிரட்டைக்கரித் தணலைக் கொட்டி கேக் போட்டவ. அதே சட்டியில நாட்டுக்கோழி முழுசா வச்சு எடுத்தவ, நான் சாப்பிட்டனான். மேல இருந்தும் கீழ இருந்தும் சூடு வந்தால் அதுதானே அவன். ஆனா துப்புரவாக்கினாலும் 8 கிலோ வாற சேவலுக்கு அவ்வளவு பெரிய சட்டி ஆரிட்டயும் இல்லை.


முழங்காவிலான் (மார்கழி 9)

அக்கா, அண்ணை, ரெண்டு பேருக்கும் நன்றி. வாசிச்சுப்போட்டுப் போய்ச் சேவலைப் பிடிச்சுப் பாத்தன், அக்கா சொன்ன மாதிரியே முள்ளு ஒரு அங்குலம் வரும், நெஞ்சு நுனி வளையவே இல்லை. பேட்டின்ர நெஞ்சு நுனி நல்லா வளையுது. அத்தானிட்டயும் இந்தப் பக்கத்தைக் காட்டினனான், சேவலை விட்டிட்டார், பேட்டையாவது பொரிப்பம் எண்டு கேக்கிறார், பிள்ளையளுக்கு ஆசையாம்.

தெரிஞ்ச சாப்பாட்டுக்கடை ஒண்டில தனியா நிக்கிற பெரிய காஸ் பானர் இருக்கு, இரவலாத் தருவினம். ரெண்டு கேள்வி. எங்களிட்ட மில்லில ஆட்டின தேங்காய் எண்ணெய் ஒரு கான் இருக்கு, அதைப் பாவிக்கலாமோ? மற்றது சேவலை எங்க வாட்டுறது, உந்த மணல் சட்டிக்கும் அடங்காதெண்டால்?


போறணைக்காரன் (மார்கழி 10)

ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்லுறன். உங்களுக்குக் கிட்ட விறகு போறணை இருக்கிற வெதுப்பகம் ஒண்டைத் தேடுங்கோ. கரண்டில ஓடுற புது அவன் இல்லை, செங்கல்லுப் போறணை. இப்ப குறைஞ்சு போச்சு, ஆனாலும் இன்னும் கிடக்கு. நான் கிளிநொச்சிப் பக்கம் 20 வருசமா போறணையில நிக்கிறன், ஒவ்வொரு நத்தாருக்கும் எங்கட ஊர்ச் சனம் கேக் தட்டு, கோழி, பண்டி இறைச்சி எண்டு கொண்டு வந்து வச்சு எடுத்துக்கொண்டு போறவை.

போறணை எப்பிடி வேலை செய்யுதெண்டு விளங்கினால்தான் இது ஏன் சேவலுக்குச் சரி எண்டு விளங்கும். உள்ளுக்கே விறகு போட்டு எரிச்சு, கல்லெல்லாம் சூடு குடிச்ச பிறகு தணலை வாரி வெளியால எடுத்து, ஈரச் சாக்கால நிலத்தைத் துடைச்சுப்போட்டுத்தான் பாண் போடுறது. பாண் எடுத்த பிறகும் கல்லு சூட்டை விடாது, மணித்தியாலக் கணக்கில மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டு போகும். நெருப்பில்லை, புகையில்லை, நாலு பக்கத்தாலயும் ஒரே மாதிரிச் சூடு. முத்தின இறைச்சிக்கு அதைவிட நல்லது ஒண்டுமில்லை.

சூடு சரியோ எண்டு பாக்க எங்களுக்கு மெசின் தேவையில்லை. ஒரு கை மாவை உள்ள நிலத்தில விசிறிப்போட்டு எண்ணுவம். மா உடன கறுத்தால் இன்னும் பாண் சூடு, இறைச்சி வைக்கக் கூடாது, கதவைத் திறந்து விட்டுப் பொறுக்கோணும். மா ஆறுதலா, பிளேன்ரீ நிறத்துக்கு வந்து நிண்டால் அப்ப வைக்கலாம்.

சேவலை முழுசா வாட்டோணும் எண்டு நிக்காதேங்கோ. காலையும் நெஞ்சையும் ஒரே நேரத்தில சரியா எடுக்கேலாது, நெஞ்சு 74 டிகிரியில வெந்திடும், அதுக்கு மேல போகப் போகக் காயும், கால் எண்டால் 85, 90 டிகிரி வரைக்கும் போய்க் கனநேரம் நிண்டால்தான் நரம்பும் சவ்வும் இளகும். முழுசா வச்சால் ரெண்டில ஒண்டு கெடும். அதால கால் ரெண்டையும் தொடையோட வெட்டி ஒரு தட்டில, நெஞ்சை எலும்போட இன்னொரு தட்டில. உப்பு கிலோவுக்கு 15 கிராம், ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைய, ரெண்டு நாள் முதலே தடவுங்கோ. தட்டுக்கு அடியில வெங்காயம், உள்ளி, ரம்பை, கறுவாப்பட்டை, ரெண்டு கோப்பை தண்ணி. மேல வாழையிலையை வாட்டிப் போட்டு அதுக்கு மேல அலுமினியத் தாளால இறுக்கி மூடுங்கோ, ஆவி வெளியால போகக் கூடாது. கால் தட்டை முதல்ல உள்ளுக்கும், நெஞ்சுத் தட்டை ரெண்டு மணித்தியாலம் கழிச்சு வாசல் பக்கமும் வையுங்கோ. கடைசி அரை மணித்தியாலம் தாளைக் கழட்டி, அடியில ஊறின சாறை அள்ளி மேல ஊத்தி விட்டால் நிறம் வரும்.

நத்தாருக்கு நாங்கள் 24 இரவு பாண் போட்டு விடிய 5 மணிக்கு எடுத்திடுவம். உங்கட பக்கத்து ஆக்களும் அப்பிடித்தான் செய்வினம், ஒருக்கா நேர கேளுங்கோ. 6 மணிக்கு வச்சால் 11 மணிக்கு எடுக்கலாம், நீங்கள் மத்தியானம் சாப்பிடுறதுக்குச் சரி. முதலே சொல்லி வையுங்கோ, நத்தாருக்குத் தட்டு வைக்க இடம் பிடிபடாது.


ஸ்காபரோவில் ஒரு தருமபுரத்தான் (மார்கழி 10)

எண்ணெய்க் கேள்விக்கு: மில்லில ஆட்டின தேங்காய் எண்ணெய் வேண்டாம் தம்பி. அது சுத்திகரிக்காதது, 175 டிகிரி கிட்டவே புகையத் துவங்கிடும், அதாவது பொரிக்கிற சூடும் புகையிற சூடும் ஒண்டு. நல்லெண்ணெய்யும் அப்பிடித்தான். நாங்கள் இஞ்ச பாவிக்கிறது சுத்திகரிச்ச கச்சான் எண்ணெய், அது 230 டிகிரி வரைக்கும் தாங்கும். அங்க அது கஸ்ரம் எண்டால் கடையில விக்கிற சுத்திகரிச்ச மரக்கறி எண்ணெய், இல்லாட்டி பாம் ஒயில் வாங்குங்கோ.

அத்தானிட்டச் சொல்லி நீளத் தண்டு தெர்மோமீட்டர் ரெண்டு கொண்டுவரச் சொல்லுங்கோ, ஒண்டு எண்ணெய்க்கு, ஒண்டு இறைச்சிக்கு. சின்னச் சாமான், சூட்கேசில ஒரு மூலைக்க கிடக்கும். பறவையைப் போட்ட உடன எண்ணெய்ச் சூடு 150 கிட்ட இறங்கும், பயப்படாமல் அடுப்பைக் கூட்டித் திரும்ப 175 க்குக் கொண்டு வாங்கோ, 190 ஐத் தாண்ட விடாதேங்கோ. வெந்ததோ எண்டு பாக்கிறதுக்குத் தொடையின்ர உள்ளுக்கும் நெஞ்சின்ர தடிப்பான இடத்திலயும் குத்திப் பாத்து 74 காட்டோணும், எலும்பில முட்டக் குத்தினால் பிழையாக் காட்டும். வெளியால எடுத்து 20 நிமிசம் வெட்டாமல் வையுங்கோ.

மழை தூறினால் நிப்பாட்டுங்கோ. கொதிக்கிற எண்ணெய்யில மழைத்துளி விழுறது விளையாட்டில்லை, அண்டைக்குப் பொரிக்கேலாமல் போனால் அந்தப் பேட்டையும் வெட்டிக் கறி வையுங்கோ.


ஒட்டுசுட்டான் சமையல் (மார்கழி 11)

நான் கலியாண வீடுகளுக்குச் சமைக்கப் போறனான், தூள் விசயம் மட்டும் சொல்லுறன், ஆரும் சொல்லேல்லை. எங்கட வறுத்த தூளை வெளியால பூசிப்போட்டு எண்ணெய்க்க இறக்காதேங்கோ. அது ஏற்கனவே வறுத்தது, அரை மணித்தியாலம் எண்ணெய்யில நிண்டால் கரியாப் போய்க் கைக்கும், எண்ணெய்யும் கறுத்துப் போகும். சீனி, தேன் சேத்தாலும் அதே கதைதான். வெளியால உப்பு மட்டும்.

உறைப்பும் மணமும் உள்ளுக்க போகோணும். பாமசியில தடிச்ச ஊசியோட புதுசா ஒரு பெரிய சிரிஞ்ச் வாங்குங்கோ. உள்ளி, இஞ்சி, மிளகு, நற்சீரகம் இதுகளை அரைச்சு, தேசிக்காய்ப் புளியும் உருக்கின பட்டரும் விட்டுக் கரைச்சு, துணியில ரெண்டுதரம் வடிச்சு எடுத்தால்தான் ஊசிக்குள்ளால போகும். நெஞ்சில நாலு இடம், தொடையில ரெண்டு இடம், ஊசியை உள்ளுக்க விட்டு மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே அமத்தோணும், இல்லாட்டி ஒரே இடத்தில பை மாதிரித் தேங்கும். முதல் நாள் இரவு ஏத்தி வச்சால் விடிய ஊறியிருக்கும், ஆனா எண்ணெய்க்க இறக்க முதல் தோலைத் திரும்ப ஒருக்கா நல்லாத் துடையுங்கோ.

சேவலுக்கு எண்டால் வறுத்த தூள் தாராளமாப் போடலாம், மூடி வேகிறது, கருகாது. அந்தத் தட்டில ஊறுற சாறை மட்டும் வீசிப்போடாதேங்கோ, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதி கொதிக்க வச்சால் சோறுக்கும் பாணுக்கும் அதைவிடக் குழம்பு இல்லை.


முழங்காவிலான் (மார்கழி 27)

எல்லாருக்கும் நத்தார் வாழ்த்துக்கள். என்ன நடந்ததெண்டு எழுதாமல் விட்டால் சரியில்லை, அதான் வந்தனான்.

24 இரவு முழுக்க மழை, பூசையால வரேக்க முற்றத்தில கணுக்கால் தண்ணி. அத்தான் முகம் வாடிப் போனார். ஆனா விடிய மழை விட்டிட்டுது. சேவலைக் காலும் நெஞ்சும் வேற வேற தட்டில, போறணைக்கார அண்ணை சொன்ன மாதிரி இலையும் தாளும் மூடி, நான் 6 மணிக்கு மோட்டச்சைக்கிளில கொண்டு போய்ப் போறணையில குடுத்தன். அங்க நிண்ட ஐயா மாவை விசிறிப் பாத்துப்போட்டு "இன்னும் கால் மணித்தியாலம் நில்லு" எண்டார், நிண்டு பிளேன்ரீ குடிச்சுத்தான் வச்சது. நெஞ்சை எட்டேகால் போல வைக்கிறன் எண்டு அவரே பொறுப்பெடுத்தார்.

பேட்டை மாமரத்துக்கு அங்கால வெளியில, மேல கொப்பு ஒண்டும் இல்லாத இடத்தில, மண் போட்டு உயர்த்தி பானரை வச்சுப் பொரிச்சம். துப்புரவாக்கின பிறகு 4 கிலோ 200 கிராம். 10 மணி போல கொஞ்சம் தூறினது, உடன எண்ணெய்யை மூடி அடுப்பை நிப்பாட்டிட்டு இருபது நிமிசம் பாத்துக்கொண்டு நிண்டம், பிறகு வெளிச்சுது. இரும்புக் கொழுக்கியில தடி ஒண்டைக் கொழுவி அத்தான் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம், அடுப்பு நிண்ட நிலையில, அம்மா வாசலில நிண்டு செபமாலை சொல்லச் சொல்ல இறக்கினம். இரைஞ்சுது, ஆனா வழியேல்லை. 33 நிமிசம், தொடையில 76 காட்டிச்சுது. எடுத்துத் தட்டில வச்சு அத்தான் கரண்டியால தோலைத் தட்டினார், முட்டைக்கோது உடையிற மாதிரிச் சத்தம் கேட்டது, பெரிசுகள் வந்து இருக்க முதலே பிள்ளையள் தோல் முழுக்கக் கழட்டிட்டுதுகள்.

சேவல் வந்தது 11 மணிக்கு. தாளைத் திறந்த உடன வந்த மணத்துக்கு அடுத்த வளவு ஆக்கள் எட்டிப் பாத்தவை, அவைக்கும் குடுத்தது. காலை எலும்பில பிடிச்சுத் தூக்கினால் இறைச்சி தட்டிலயே நிண்டுட்டுது, எலும்பு மட்டும் கையில வந்தது. அம்மா அந்தச் சாறில தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பாக்கினவ, அக்கா ரெண்டாந்தரம் சோறு போட்டு அதோட மட்டும் சாப்பிட்டவ, ஒண்டும் கதைக்கேல்லை, அழுதுகொண்டே சாப்பிட்டவ. எது நல்லம் எண்டு என்னைக் கேட்டால் பேட்டின்ர தோலும் சேவலின்ர காலும்.

ஒரு கேள்வி மிச்சம். எண்ணெய் ஆறின பிறகு துணியில வடிச்சுப் பாத்தன், 10 லீற்றருக்கு மேல நல்லாத் தெளிஞ்சு கிடக்கு. பொங்கலுக்கு இதில பலகாரம் சுடலாமோ எண்டு அம்மா கேக்கிறா.


வட்டக்கச்சி அக்கா (மார்கழி 27)

வாசிக்க வாசிக்கச் சந்தோசமாக் கிடக்கு தம்பி. பலகாரத்துக்கு வேண்டாம், பொங்கலுக்கு நீங்கள் அயலுக்குக் குடுக்கிறது எண்டால் சைவ ஆக்களும் வாங்கித் தின்பினம், இறைச்சி பொரிச்ச எண்ணெய் எண்டு தெரியாமல் குடுக்கிறது சரியில்லை. வெளிச்சம் படாத இடத்தில போத்தலில இறுக்கி மூடி வச்சு மீன் பொரிக்க எடுங்கோ, மணம் மாறினால் இல்லாட்டி சூடாக்கேக்க கெதியாப் புகைஞ்சால் வீசுங்கோ, கிணத்தடியில மட்டும் ஊத்தாதேங்கோ. பொங்கலுக்கு மூண்டு கிழமை கூட இல்லை, அந்தப் பானையைச் சாம்பல் போட்டு ரெண்டுதரம் தேய்ச்சு வெயில் வாற நாளில கவிட்டு வையுங்கோ.